புனர்வாழ்வு விடுதியில் அப்பா விழுந்துவிட்டார்: இரவில் கையைக் கட்டிவைக்கச் சம்மதிக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தை மகள்

என் தந்தைக்கு 72 வயது. வவுனியாவில் இருந்தவருக்குப் பாரிசவாதம் ஏற்பட்டது. மூளையின் வலது பக்கத்துக் குருதிக்குழாயில் அடைப்பு என்று கண்டறிந்தார்கள். இடது கையும் காலும் வலுவிழந்திருந்த அவரைக் கொழும்புக்கு அழைத்துவந்து, இங்குள்ள ஒரு தனியார் வைத்தியசாலையின் புனர்வாழ்வு விடுதியில் சேர்த்தோம். இயன்மருத்துவமும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையும் நாள்தோறும் நடக்கின்றன. ஒருவர் பக்கத்தில் நின்றால் வோக்கரைப் பிடித்துக்கொண்டு சில அடிகள் நடக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்.

சென்ற வாரம் விடியற்காலையில், மலசலகூடத்துக்குப் போவதற்காகத் தாமாகவே எழுந்து, உயர்த்தியிருந்த கட்டில் கம்பியைத் தாண்டி இறங்க முயன்று விழுந்துவிட்டார். நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. இடுப்பெலும்பு முறியவில்லை. குருதி உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரல் குளிசை எடுத்துவருவதால் உடனே தலைக்கு ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே குருதிக் கசிவு இல்லை.

அனுமதித்த நாளிலேயே விழும் அபாயம் அதிகம் என்று குறித்து அவருடைய மணிக்கட்டில் மஞ்சள் பட்டி கட்டியிருந்தார்கள். அப்படித் தெரிந்திருந்தும் ஏன் தடுக்க முடியவில்லை என்று கேட்டதற்கு, "பெல்லை அழுத்துங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னோம், அவர் கேட்பதில்லை" என்பதே பதிலாகக் கிடைத்தது. இனிமேல் இரவில் வலது கையை மென்மையான துணிப் பட்டியால் கட்டிலோடு கட்டிவைக்கப் போவதாகவும், அதற்குக் குடும்பத்தவர் கையொப்பமிட்டுச் சம்மதம் தர வேண்டும் என்றும் சொல்கிறார்கள். மறுபடி விழுவதைவிட அது பரவாயில்லை என்கிறார் அம்மா. கனடாவில் இருக்கும் அண்ணாவோ உடனே முறைப்பாடு எழுதச் சொல்கிறார். இரண்டிலும் எனக்குத் தெளிவில்லை. இத்துறையில் பணியாற்றியவர்கள், இதே நிலையைக் கடந்தவர்கள் யாராவது வழி சொல்வீர்களா?


பதில் 1: ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர்

பிள்ளை, முதலில் அந்தப் படிவத்தில் கையொப்பமிட வேண்டாம். குறைந்தது, அதற்கு முன் வேறு என்னென்ன செய்து பார்த்தார்கள் என்பதை விடுதிப் பொறுப்பு மிஸ்ஸிடம் அமர்ந்து கேட்கும் வரையிலாவது பொறுத்திருங்கள்.

கட்டிவைத்தால் விழமாட்டார் என்பது கேட்பதற்குச் சரியாகத் தோன்றினாலும், கட்டப்பட்ட நோயாளிகள் குறைவாக விழுகிறார்கள் என்பதற்குத் தக்க சான்று இல்லை. கட்டுவதால் வரும் கேடுகளுக்குத்தான் சான்று நிறைய உண்டு. கட்டப்பட்டவர் ஏன் கட்டப்பட்டோம் என்று விளங்காமல் இழுத்துப் பறிக்கிறார். இரவெல்லாம் குழம்பிக் கிடக்கிறார். புரளாமல் கிடப்பதால் படுக்கைப் புண் வருகிறது. பகலில் இயன்மருத்துவர் சேர்த்துவைக்கும் தசை வலுவும் குறைகிறது. பட்டியிலும் கம்பிகளுக்கிடையிலும் சிக்கி மூச்சுத் திணறி இறந்தவர்கள் பற்றிய பதிவுகள் பல நாடுகளில் இருக்கின்றன. உங்கள் தந்தைக்கு நன்றாக இயங்குவது அந்த வலது கை ஒன்றுதான். அதையும் கட்டினால் முகத்தில் இருக்கும் நுளம்பைக்கூட அவரால் விரட்ட முடியாது.

கட்டில் கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுந்திருக்கவே இயலாமல் உறக்கத்தில் உருளக்கூடிய ஒருவருக்கு அது உதவும். தாண்டிப் போகக்கூடிய ஒருவருக்கோ அது விழும் உயரத்தைக் கூட்டிவிடுகிறது. கட்டில் மட்டத்திலிருந்து விழ வேண்டியவர் கம்பியின் உச்சியிலிருந்து, அதுவும் பெரும்பாலும் தலைகீழாக விழுகிறார். ஆகவே உங்கள் தந்தையின் கட்டிலை இரவில் ஆகக் கீழ் மட்டத்துக்கு இறக்கி, அவர் இறங்கும் பக்கத்துக் கம்பியைத் தாழ்த்தி வைக்கலாமா என்று கேளுங்கள்.

நான் மிக முக்கியமாகக் கருதுவது வேறொன்று. அவர் எங்கே போவதற்காக எழுந்தார்? மலசலகூடத்துக்கு. வைத்தியசாலை விழுகைகளில் பெரும் பங்கு இந்தப் பயணத்தோடு தொடர்புடையது. மூத்திரம் முட்டும்போது, மணியை அழுத்திவிட்டு யாராவது வரும்வரை பொறுத்திருங்கள் என்பது வாயால் சொல்ல எளிது. ஆனால் வயதானவருக்கு, அதிலும் பாரிசவாதத்தால் சிறுநீரை அடக்கும் ஆற்றல் குறைந்தவருக்கு, அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. சாரம் நனைந்துவிட்டால் அவமானம் என்று எண்ணி எழுந்துவிடுகிறார். எனவே அவர் அழைப்பதற்குக் காத்திராமல், உறங்கப் போகும் முன், நள்ளிரவில், பின்னர் அவர் வழமையாக விழிக்கும் நேரத்துக்குச் சற்று முன் என்று வேளை குறித்து அவர்களே போய் அழைத்துச் செல்ல வேண்டும். எந்த நேரத்தில் விழிக்கிறார் என்பதை இரண்டு மூன்று இரவுகள் குறித்துவைத்தாலே தெரிந்துவிடும். இரவுப் பணி மாலை 7 மணிக்குத் தொடங்கிக் காலை 7 மணிக்கு முடியும் விடுதிகளில், விடியற்காலை என்பது இருக்கின்ற சிலரும் களைத்து, ஊசி மருந்தும் குருதி எடுப்பும் குவிந்துகிடக்கும் வேளை. அந்த வேளைக்கென ஒரு ஏற்பாட்டை அவருடைய பெட் ஹெட் டிக்கெட்டில் (விடுதியிலுள்ள நோயாளிக் குறிப்பேட்டில்) எழுதுவிப்பது உங்கள் உரிமை.

வலது கைக்கு எட்டும் இடத்தில் சிறுநீர்ப் போத்தல் இருக்க வேண்டும். இதற்கு மாற்றாக யாராவது கதீட்டர் போடலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்; அது கிருமித் தொற்றுக்கு வழி, போதாக்குறைக்குக் காலில் சிக்கும் குழாய்.


பதில் 2: பம்பலப்பிட்டி வாசகர்

முதலாவது பதில் நல்ல ஆலோசனைதான், ஆனாலும் பொறுப்பு என்ற ஒன்றை அது தொடவேயில்லை. அபாயம் அதிகம் என்று தாங்களே பட்டி கட்டிய நோயாளியைத் தனியே விட்டவர்கள், இப்போது குற்றத்தை அவர்மேல் போட்டுவிட்டுக் கட்டுவதற்குச் சம்மதம் கேட்கிறார்கள். அமெரிக்காவில் முதியோருக்கான அரச காப்புறுதியான மெடிகெயார், வைத்தியசாலைக்குள் விழுந்ததால் நேர்ந்த முறிவு முதலிய காயங்களுக்கான மேலதிகச் செலவை 2008 ஒக்டோபர் முதல் கொடுப்பதில்லை. அவ்வாறு நடந்திருக்கவே கூடாது என்பதே அதன் அடிப்படை. நாள் ஒன்றுக்கு அறைக் கட்டணம் வாங்கும் நிறுவனத்திடம் அதே கண்டிப்பை நாமும் காட்டினால்தான் திருந்துவார்கள். உங்கள் அண்ணா சொல்வது போல முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள்.


பதில் 3: கொட்டாஞ்சேனை இயன்மருத்துவர்

முறைப்பாடு செய்வதை நான் தடுக்கவில்லை. சம்பவ அறிக்கையின் பிரதியைக் கேட்பதும் நல்லதே. ஆனால் மேலே குறிப்பிட்ட அமெரிக்க ஏற்பாட்டுக்கு எதிராக முதுமை மருத்துவர்கள் எழுப்பிய கேள்வியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விழுந்தால் காசு கிடைக்காது என்றால், நடக்கவே விடாமல் படுக்கையில் வைத்திருப்பதுதான் வைத்தியசாலைக்கு இலாபம். புனர்வாழ்வு விடுதி என்பதோ நடக்க இயலாதவரை நடக்க வைக்கும் இடம். நேற்று வரை எழுந்து நிற்க முடியாதவர் இன்று நிற்கத் தொடங்கும்போது, அவருடைய ஆற்றலும் அந்த ஆற்றலைப் பற்றிய அவருடைய மதிப்பீடும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. அந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள். இதனாலேயே பொது விடுதிகளைவிடப் புனர்வாழ்வு விடுதிகளில் விழுகைகள் கூடுதலாகப் பதிவாகின்றன. விழுகையே இல்லாத விடுதி என்று யாராவது பெருமை பேசினால், அங்கு யாரையாவது நடக்க விடுகிறார்களா என்றுதான் நான் கேட்பேன்.

மஞ்சள் பட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது, விழும் அபாயத்தைப் புள்ளியிட்டு மதிப்பிடும் மோர்ஸ் அளவுகோலின் அடிப்படையில் கட்டப்படுவது. 1989 முதல் பயன்பாட்டில் இருக்கும் இதில் ஆறு கேள்விகள் உள்ளன. நீங்கள் எழுதியதை வைத்து நானே கணக்கிட்டேன். வேறு நோய்களும் இருப்பதாகக் கொண்டால் 15, வோக்கருக்கு 15, தடுமாறும் நடைக்கு 20, தம்மால் எது முடியாது என்பதை உணராமைக்கு 15 என்று விழும் முன்னரே 65 புள்ளிகள் வருகின்றன. முன்பு விழுந்தவர் என்பதற்கான 25 சேர்ந்து இப்போது 90. பல வைத்தியசாலைகள் 45ஐ அபாய எல்லையாக வைத்திருக்கின்றன. புனர்வாழ்வு விடுதியில் அந்த எல்லையைத் தாண்டாதவர் யார்? எல்லோருக்கும் மஞ்சள் பட்டி கட்டினால் யாருக்கும் கட்டாததற்கு அது சமம். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டலில், வைத்தியசாலையில் தங்கும் 65 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரையும் அபாயத்தில் உள்ளவர்களாகவே கொள்ள வேண்டும், புள்ளி போட்டு முன்கணிக்கும் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்லியிருந்தது. அவருக்கு எத்தனை புள்ளி என்று கேட்பதில் பயனில்லை. அவருக்கென்று என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள்.

"சொன்னால் கேட்பதில்லை" என்ற பதில்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு இடது பக்கம் என்ற ஒன்று இருப்பதே கவனத்துக்கு வருவதில்லை. தட்டின் இடது பாதியில் உள்ள சோற்றை உண்ணாமல் விடுவார்கள், சக்கர நாற்காலியின் இடது பிரேக்கைப் போடாமலே எழுவார்கள், கதவு நிலையில் இடது தோளை மோதுவார்கள். சிலர் தம் இடது கால் வலுவிழந்திருக்கிறது என்பதையே உளமார நம்புவதில்லை. இது பிடிவாதமன்று, நோயின் ஒரு கூறு. இத்தகையவரிடம் பெல்லை அழுத்துங்கள் என்று நூறு தடவை சொன்னாலும், எழும் கணத்தில் தமக்கு உதவி வேண்டும் என்ற எண்ணமே அவருக்குத் தோன்றாது. உங்கள் தந்தைக்கு இது இருக்கிறதா என்று தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள்; கோட்டின் நடுவைக் குறிக்கச் சொல்வது, தாளில் சிதறிக் கிடக்கும் குறிகளை அடிக்கச் சொல்வது போன்ற எளிய சோதனைகளால் கண்டறிவார்கள். இருக்குமானால் அழைப்பு மணி, தண்ணீர்ப் போத்தல், கண்ணாடி யாவும் வலது பக்கம் வர வேண்டும். கட்டிலை விட்டு இறங்குவதும் வலது பக்கமாகவே அமைய வேண்டும். மணி இடது பக்கச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தால் அது அவரைப் பொறுத்தவரை இல்லாத மணி.

சொல்லிக்கொடுப்பதால் பயனே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். மேற்கு அவுஸ்திரேலியாவில் எட்டுப் புனர்வாழ்வுப் பிரிவுகளில் நடந்து 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்றில், சிந்தனைத் தெளிவுள்ள நோயாளி ஒவ்வொருவருடனும் தனித்தனியே அமர்ந்து, அவர் எந்தச் செயலின்போது விழக்கூடும், அதற்கு அவரே என்ன செய்யப்போகிறார் என்று பேசித் திட்டமிட்டார்கள். அவர்கள் சொன்ன இடர்ப்பாடுகளை ஊழியர்களுக்கும் தெரிவித்தார்கள். 1000 நோயாளி நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்குவது ஒரு நோயாளி நாள்) 13.78 ஆக இருந்த விழுகைகள் 7.80 ஆகக் குறைந்தன. மஞ்சள் பட்டி, படுக்கை அலாரம் ஆகியவற்றைப் பெருவாரியாக வாங்கிய பல திட்டங்களுக்குக் கிடைக்காத பலன் இது. ஆனால் அந்தப் பேச்சு நோயாளிக்கு விளங்கும் மொழியில் நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். வவுனியாவிலிருந்து வந்த உங்கள் தந்தையிடம் இரவுப் பணியில் இருப்பவர் எந்த மொழியில் சொன்னார்? கொழும்பு விடுதிகளில் தமிழ் நோயாளிகளுக்குத் தரப்படும் அறிவுறுத்தல் பல வேளைகளில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு வசனமாக முடிந்துவிடுகிறது. நோயாளி மரியாதைக்குத் தலையாட்டுகிறார். சொல்லியாயிற்று என்று பதிவாகிறது. பகலில் உங்களில் ஒருவர் உடனிருந்து, சிகிச்சையாளர் சொல்வதைத் தமிழில் அவருக்குச் சொல்லி, அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வையுங்கள். மலசலகூடம், தண்ணீர், வலி ஆகியவற்றுக்குப் படம் வரைந்து இரு மொழியிலும் எழுதிய அட்டை ஒன்றையும் வலது பக்கம் வைக்கலாம்.


கேட்டவர்: வெள்ளவத்தை மகள்

எல்லோருக்கும் நன்றி. நேற்று விடுதிப் பொறுப்பு மிஸ்ஸுடனும் சிகிச்சையாளருடனும் அம்மாவும் நானும் அமர்ந்து பேசினோம். சம்மதப் படிவத்தை இப்போதைக்கு ஒதுக்கிவைக்க ஒப்புக்கொண்டார்கள். இடது பக்கக் கவனக்குறைவு இருப்பதாகச் சிகிச்சையாளரின் குறிப்பில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இரவுப் பணியாளர்கள் யாரும் அதை வாசித்திருக்கவில்லை. மணி உண்மையிலேயே இடது பக்கத்தில்தான் இருந்தது! அண்ணாவிடம் சொன்னபோது அவருடைய கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. முறைப்பாட்டை எழுதுகிறேன், ஆனால் அதில் இந்தக் குறிப்பு இரவுப் பணியாளர்களுக்குப் போய்ச் சேராததையே முதன்மையாகக் கேட்கப் போகிறேன்.

இன்னும் இரண்டு விடயங்கள். மெத்தைக்கு அடியில் வைக்கும் அலாரம் ஒன்றை நாள் வாடகைக்குத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. இரவுக்கு ஒரு கெயார்கிவரை அமர்த்தினால் இன்னும் நல்லது என்று உறவினர் சொல்கிறார்கள். இரண்டுக்கும் எங்களால் செலவழிக்க இயலாது. எதைத் தெரிவு செய்வது? மேலும், பகலிலும் எழுந்து நின்றவுடன் தலை சுற்றுவதாக அப்பா இப்போதுதான் சொல்கிறார்.


பதில் 4: மருந்தாளர், தெஹிவளை

தலைச்சுற்றலை முதலில் கவனியுங்கள். படுத்த நிலையில் குருதி அழுத்தத்தை அளந்து, எழுந்து நின்ற பின் மூன்று நிமிடத்துக்குள் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது நிற்கும்போது ஏற்படும் அழுத்த வீழ்ச்சி. கட்டிலில் படுத்தபடி அளந்த எண் எத்தனை நன்றாக இருந்தாலும் இதைக் காட்டாது. பாரிசவாதத்துக்குப் பின் அழுத்தக் குளிசைகளைக் கூட்டியிருப்பார்கள்; அதோடு புரொஸ்டேட்டுக்கு டாம்சுலோசினோ பிரசோசினோ சேர்ந்தால் இந்த வீழ்ச்சி எளிதில் வரும். சிறுநீரைப் பெருக்கும் குளிசையை மாலையில் கொடுக்கிறார்களா என்றும் பாருங்கள். அதைக் காலைக்கு மாற்றினாலே இரவில் எழுவது குறையக்கூடும். உறக்கத்துக்கென டயசெபாம், நரம்பு வலிக்கென அமிட்ரிப்டிலின், சொறிவுக்கென நாம் சாதாரணமாக வாங்கிக் கொடுக்கும் பிரிட்டன் (Piriton) குளிசை ஆகிய மூன்றுமே முதியவரைத் தடுமாற வைப்பவை. வீட்டிலிருந்து கொண்டுபோன குளிசை எதையாவது அம்மா தனியே கொடுக்கிறாரா என்பதையும் மென்மையாகக் கேட்டறியுங்கள். எதையும் நீங்களாக நிறுத்திவிடாமல், முழுப் பட்டியலையும் வைத்தியரிடம் காட்டி ஒவ்வொன்றும் இன்னும் தேவையா என்று கேட்பதே முறை.

அலாரத்துக்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. 2012இல் வெளியான அமெரிக்க வைத்தியசாலை ஆய்வொன்றில், அலாரப் பாவனையைக் கூட்டிய விடுதிகளில் விழுகைகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எழுந்தவர் விழச் சில நொடிகள் போதும். அலாரம் ஒலித்து, யாரோ கேட்டு, நடந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அடிக்கடி வீணாக ஒலித்தால் கேட்பவர்களுக்கும் காது பழகிவிடுகிறது.


பதில் 5: ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர்

மருந்தாளர் சொன்னதை ஏற்கிறேன். இரண்டில் ஒன்று என்றால் ஆள்தான். ஆனால் கெயார்கிவர் என்று வருபவர் கட்டிலருகே கதிரையில் உறங்கிவிட்டால் பயனில்லை. தூக்கி நடத்தப் பழகாதவராக இருந்தால் அவரே உங்கள் தந்தையை வலுவிழந்த இடது கையில் பிடித்து இழுத்துத் தோள்மூட்டைக் கெடுத்துவிடுவார். முதல் இரவுக்கு முன், பகலிலேயே இயன்மருத்துவரிடம் அழைத்துச் சென்று, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும் அங்கிருந்து கமோட்டுக்கும் மாற்றுவது எப்படி என்று செய்து காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் தமிழ் பேசுபவராகப் பாருங்கள். இரவில் எந்நேரம் எழுப்ப வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். மலசலகூடத்தில் அவரை அமர்த்திவிட்டுக் கதவுக்கு வெளியே போய் நிற்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். கூச்சத்தைக் காப்பதற்காகப் போர்வையொன்றை மடியில் போட்டால் போதும்.

பாட்டா செருப்பை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். குதிகாலை மூடி, பட்டியால் இறுக்கிக்கொள்ளக்கூடிய, அடி வழுக்காத காலணி வேண்டும். சாரத்தைவிட இடுப்பில் மீள்பட்டி வைத்த காற்சட்டை நல்லது. நீண்ட சாரம் காலில் சிக்கும், ஒரு கையால் அவரால் அதைச் சரிசெய்யவும் முடியாது.

இத்தனைக்குப் பிறகும் அவர் மறுபடி விழக்கூடும் என்பதை அம்மாவுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். விழுந்தால் பதறிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டாம். கிடந்தபடியே இருக்க விட்டு, கழுத்து வலிக்கிறதா, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று தாதியர் பார்த்த பிறகே எழுப்ப வேண்டும். குளோபிடோகிரல் எடுப்பவர் என்பதால் தலையில் அடிபட்டதா என்று சந்தேகம் வந்தாலே வைத்தியர் பார்த்தாக வேண்டும். முதல் ஸ்கான் நன்றாக இருந்தாலும் பின்வரும் நாட்களில், ஏன் வாரங்களிலும், புதிதாகத் தலைவலி, வாந்தி, வழமைக்கு மாறான உறக்கம் அல்லது குழப்பம் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். சென்ற வாரம் விழுந்ததற்கும் இது பொருந்தும்.

வீட்டுக்குக் கொண்டுசெல்லும் நாளுக்கு முன் உங்கள் மாடி வீட்டுக் குளியலறையைப் படமெடுத்து, கதவின் அகலத்தையும் கமோட்டின் உயரத்தையும் அளந்து தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் கொடுங்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகள் பலவற்றில் குளியலறை வாசலில் ஒரு படி இருக்கும், கதவும் ஒடுங்கியதாக இருக்கும். வோக்கர் அதனூடாகப் போகாது. கைபிடிக் கம்பியை அவருடைய வலது கை எட்டும் சுவரில் பொருத்த வேண்டும். போகும்போது வலது பக்கம் இருப்பது திரும்பி வரும்போது இடது பக்கமாகிவிடும் என்பதால் இரண்டு பக்கமும் பொருத்துவதே சரி. வாடகை வீடு என்றால் சுவரில் துளையிட வீட்டுக்காரரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.